உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் கிளாஸ்: அரை மணி நேர வசதியை முழுசாக வாங்குவது எப்படி

ஒன்றேகால் மணி நேரப் பயணம் என்று டிக்கெட் சொல்லும். அதில் இருக்கையைச் சாய்த்துக் கால் நீட்டி உட்காரக் கிடைப்பது ஏறத்தாழ அரை மணி நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக 10, 15 நிமிடம். தரையிறங்கிய பிறகு நிறுத்துமிடம் சேர 5, 6 நிமிடம். மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணைய 10 நிமிடம். இறக்கத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க நூறு கடல் மைலுக்கு மேல் வேண்டும். ஆக, சக்கரம் தரையைத் தொடுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டுகளையும் அப்போதே எடுக்க ஆரம்பிப்பார்கள்.

அதனால் உள்நாட்டுப் பயணத்தில் வசதியை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருக்கவும், தரையில் கிடைக்க வேண்டிய மீதி வசதியைக் கேட்டு வாங்கவும்தான்.

பணம் கட்டும் முன்: எந்த விமானம்?

‘பிசினஸ்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இருக்கைகள் மூன்று விதம்.

முதல் விதம், ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் இரண்டுக்கு இரண்டாகப் போட்டிருக்கும் அகலச் சாய்விருக்கை. அகலம் 20, 21 அங்குலம். பிட்ச் பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலம். பிட்ச் என்பது ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம். அதை அப்படியே கால் வைக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. முதுகுப் பகுதியின் தடிமனும் அதற்குள்தான் அடங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க: சாதா வகுப்பில் அகலம் 17, 18 அங்குலம், பிட்ச் 28 முதல் 32.

இரண்டாவது, ஐரோப்பாவில் பரவலாக உள்ள முறை. மூன்று சாதா இருக்கைகளில் நடுவில் உள்ளதைக் காலியாக விட்டுவிட்டு, திரை ஒன்றை இழுத்து பிசினஸ் என்பார்கள். தோளுக்கு இடம் கிடைக்கும். முழங்காலுக்கு எதுவும் கிடைக்காது. உயரமானவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது, அதிர்ஷ்டம். தொலைதூரம் பறக்கும் அகல விமானம் ஒன்றை இடையில் உள்நாட்டுத் தடத்தில் ஓட்டும்போது, முழுதாகப் படுக்கையாக மாறும் இருக்கை கிடைக்கும். கட்டணம் மற்ற நேரத்து விமானத்துக்குச் சமமாகவே இருப்பதும் உண்டு. ஒரே நாளில் ஒரே தடத்தில் நாலைந்து விமானங்கள் இருந்தால், நேரத்தை மட்டும் பார்த்து எடுக்காமல் விமான வகையையும் பாருங்கள்.

பார்ப்பது சுலபம். முன்பதிவுப் பக்கத்தில் பயண விவரத்தைத் திறந்தால் விமான வகை மூன்றெழுத்துக் குறியீடாக இருக்கும். 32என் என்றால் ஏ320 நியோ, 738 என்றால் போயிங் 737-800, 789 என்றால் 787-9, ஏடி7 என்றால் ஏடிஆர் 72. பிறகு சீட் மேப்பைத் திறங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால் அகல இருக்கை. மூன்று கட்டம் வரைந்து நடுக்கட்டத்தை அடைத்து வைத்திருந்தால் சாதா இருக்கைதான். மேலே பெயர்ப்பலகை மட்டும் வேறு.

ஏடிஆர் 72 பற்றி ஒரு வார்த்தை. இந்த விசிறி விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது. சாமான் அறை முன்னால். ஜெட் விமானப் பழக்கத்தில் முன் வரிசைக்குக் கூடுதலாகப் பணம் கட்டினால், விசிறியின் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி ஆளாக இறங்குவீர்கள். இதில் பின் வரிசைதான் சொகுசு.

இன்னொன்று, டிக்கெட்டில் உள்ள கட்டண எழுத்து. பல நிறுவனங்களில் ஜே, சி இரண்டும் முழுக்கட்டண பிசினஸ். டி, ஐ, இசட் தள்ளுபடி பிசினஸ். டபிள்யூ பிரீமியம் எகானமி. பிசினஸ் எழுத்து எதுவானாலும் இருக்கை ஒன்றேதான். ஆனால் தேதி மாற்றக் கட்டணம், ரத்து செய்தால் திரும்பி வரும் தொகை, மைல் புள்ளிகள் எல்லாம் இந்த எழுத்தைப் பொறுத்து மாறும். ஏலம் கேட்டோ, கவுண்டரில் பணம் கட்டியோ வகுப்பை உயர்த்திக்கொண்டால் இருக்கையும் சாப்பாடும் நிச்சயம். லவுஞ்சும் (விமான நிலையத்திலுள்ள ஓய்வுக்கூடம்) கூடுதல் சாமான் எடையும் அதில் சேருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பணம் கட்டும் முன் இவை இரண்டையும் குறிப்பாகக் கேளுங்கள்.

எந்த இருக்கை

முதல் வரிசை என்றால் எல்லோருக்கும் ஆசை. அதன் குறைகளும் தெரிந்திருக்கட்டும். முன்னால் சுவர் என்பதால் காலடியில் பை வைக்க இடமில்லை. புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லாவற்றையும் மேலே வைத்தாக வேண்டும். தலைக்கு மேலுள்ள முதல் அறையில் பெரும்பாலும் முதலுதவிப் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் போன்ற விமானத்தின் சொந்தச் சாமான்கள் இருக்கும். கழிப்பறையும் சமையல் மூலையும் இரண்டடி தள்ளி. கதவு திறப்பதும் வெளிச்சமும் உங்கள் மேல்தான் விழும். கால் நீளமானவர்களுக்கு, சுவர் எட்டாத தூரத்தில் இருந்தால் நல்லது. முழங்காலுக்கு அருகிலேயே வந்து முட்டினால் இரண்டாம் வரிசையே மேல், ஏனென்றால் முன்னிருக்கைக்கு அடியில் பாதம் நீட்டலாம்.

கடைசி வரிசையில் வேறு தொல்லை. பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் சாய்வு குறையலாம். சாப்பாட்டு வண்டி முன்னாலிருந்து வந்தால், கேட்ட வகை தீர்ந்து போயிருக்கலாம். திரைக்கு அந்தப் பக்கத்துக் குழந்தையின் அழுகைக்கு வகுப்பு பேதம் கிடையாது.

ஆகவே நான்கு வரிசை இருந்தால் இரண்டு, மூன்று. தூங்க வேண்டுமானால் ஜன்னல். இரண்டுக்கு இரண்டு அமைப்பில் ஜன்னலோரத்தவர் எழ ஒருவரை மட்டும் தாண்டினால் போதும். குலுக்கல் பிடிக்காதவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது: இறக்கைப் பகுதிதான் மிகக் குறைவாக ஆடும். பிசினஸ் வரிசைகள் மூக்கருகே இருப்பதால் வாலைவிடக் குறைவு, இறக்கையைவிட அதிகம். பதிலுக்கு ஜெட் விமானத்தில் எஞ்சின்கள் பின்னால் இருப்பதால் இரைச்சல் குறைவு.

நீங்கள் பிடித்து வைத்த இருக்கை நிலைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் கணினி தானாகவே எல்லோரையும் புதிய வரைபடத்தில் அடுக்கிவிடும். முந்தைய நாள் ஒருமுறை, செக்-இன் செய்யும்போது ஒருமுறை சரிபாருங்கள்.

சாப்பாடு

சிறப்பு உணவை பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இதற்கு உலகெங்கும் நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு: ஏவிஎம்எல் ஆசிய சைவம், விஜிஎம்எல் பால் பொருள்கூட இல்லாத சைவம், டிபிஎம்எல் நீரிழிவுக்காரருக்கு, எல்எஸ்எம்எல் உப்புக் குறைவு, ஜிஎஃப்எம்எல் குளூட்டன் இல்லாதது. முதலிரண்டையும் குழப்பிக்கொண்டு தயிரும் நெய்யும் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். சிறப்பு உணவை முதலில் கொண்டுவந்து தருவது வழக்கம். அரை மணி நேரச் சேவையில் இது சின்ன லாபமில்லை. வண்டி உங்கள் வரிசைக்கு வரும்போது நீங்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள்.

எங்கே தவறுகிறது? பயணத் தேதியோ விமானமோ மாறியபோது. மறுபதிவில் இருக்கை எண் கூடவே வந்தாலும் உணவுக் குறியீடு பல சமயம் கழன்றுவிடும். தேதி மாற்றிய ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, உறுதிச் சீட்டில் அந்த நான்கெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஏறியதும் பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் ஒரு வேளைக்கான சொந்த உணவும் இருக்கட்டும்.

மேலே சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010இல் தரையிலேயே விமானச் சூழலை உருவாக்கிச் சோதித்தபோது, குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கித் தெரிவது உறுதியானது. புளிப்பு, காரம், தக்காளிச் சுவை ஆகியவை அவ்வளவு அடிபடுவதில்லை. இரண்டு வகை கேட்டால் மசாலாவோ தக்காளியோ சேர்ந்த பக்கம் கை காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம் என்றால் லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு, மேலே குடிக்க மட்டும் ஏதாவது வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். குலுக்கல் வந்தால் முதலில் நிறுத்துவது சூடான பானத்தை.

லவுஞ்சும் சாமானும்

லவுஞ்சில் விமான அறிவிப்பு செய்யாத இடங்கள் பல. விமானம் ஏறும் வாசல் மூடுவது புறப்பாட்டுக்கு 15 முதல் 25 நிமிடம் முன்பு. லவுஞ்சிலிருந்து வாசலுக்கு எத்தனை நிமிட நடை என்று உள்ளே நுழையும்போதே கேட்டு, அதன்படி கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னுரிமை அட்டை கட்டிய பெட்டி முதலில் வர வேண்டும். வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றுகிற வரிசைதான். 737இல் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்குகிறார்கள். முன்னுரிமைப் பெட்டி கடைசியாக, கதவோரமாகப் போனால்தான் முதலில் இறங்கும். இணைப்பு விமானத்திலிருந்து தாமதமாக வந்த பெட்டிகள் அதற்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் அட்டை வெறும் அட்டைதான். பழைய அட்டைகளையும் பார்கோடு ஒட்டுத்தாள்களையும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். அவை ஸ்கேனரைக் குழப்பி, பெட்டியை வேறு ஊருக்கே அனுப்பிவைக்கும்.

ஏறியதும் செய்ய வேண்டியவை

முன்னுரிமை வரிசையில் ஏறுவதன் உண்மையான பயன் தலைக்கு மேலுள்ள இடம். பெட்டியை வைப்பதற்கு முன், பயணத்தில் தேவைப்படும் சிறு பையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: மூக்குக்கும் கண்ணுக்குமான உப்புநீர்ச் சொட்டு, உதட்டுக் களிம்பு, கண்மறைப்புத் துணி, ஒரு ஜோடி காலுறை, காதடைப்பான், ஹெட்போன், சார்ஜர் வயர். நீண்ட வெளிநாட்டுப் பயணத்தில் தரும் பல்துலக்கி, செருப்பு அடங்கிய பையை உள்நாட்டில் எதிர்பார்க்க வேண்டாம். போர்வையும் தலையணையும் இருக்கும், ஆனால் எல்லா இருக்கைக்கும் சேர்த்து இருக்காது. கதவு மூடும் முன்பே கேட்டு வாங்குங்கள். உறை பிரிக்காத போர்வையாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குளிர் பற்றி: ஒற்றை நடைபாதை விமானத்தின் கேபினை இரண்டு, மூன்று வெப்பப் பகுதிகளாகத்தான் பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஒரு வரிசைக்கென்று தனியாக வெப்பம் கூட்ட முடியாது. பணியாளரிடம் சொன்னாலும் மாற்றம் தெரியச் சில நிமிடம் ஆகும். தலைக்கு மேலுள்ள காற்றுக்குழாயை முழுதாக மூடாமல், முகத்துக்கு ஓரடி முன்னால் மடியை நோக்கித் திருப்பி விடுங்கள். நேராக முகத்தில் அடித்தால், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள அந்தக் காற்று கண்ணை உலர்த்திவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறுவது நல்லது.

இருக்கையைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் இடுப்பை முதுகுப்பலகையின் அடிவரை தள்ளி உட்காருங்கள். சிறு தலையணையைக் கழுத்தைவிட இடுப்புக்கு மேலுள்ள வளைவில் வையுங்கள். பிசினஸ் இருக்கைகளிலும் அந்த இடம் தட்டையாகவே இருக்கும். பிறகு முதுகைச் சாய்த்து, கடைசியாகக் கால்தாங்கியை உயர்த்துங்கள். கால்தாங்கியை முதலில் தூக்கினால் இடுப்பு முன்னால் வழுக்கும். கால் மணி நேரத்தில் முதுகு வலிக்கும். சாய்வு மெல்ல மெல்லத் தானே நிமிர்ந்தால், உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் பூட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை நடுவானில் யாரும் சரிசெய்ய முடியாது. வேறு இருக்கை கேளுங்கள். மின்னியக்க இருக்கை அசையவே இல்லையென்றால், அந்த இருக்கைக்கு மட்டும் மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். பலவற்றில் கைவிசையும் உண்டு.

கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால், இருக்கையைத் துளியும் அசைக்காதீர்கள். எழுந்து நின்று பணியாளரை அழையுங்கள். சாய்விருக்கையின் இரும்புக் கம்பிகளுக்கிடையில் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். நகரும் பாகங்கள் அதிகமுள்ள பிரீமியம் இருக்கைகளில்தான் இந்த ஆபத்தும் அதிகம்.

சார்ஜும் சத்தமும்

இருக்கையிலுள்ள மின் சாக்கெட் வீட்டுச் சாக்கெட் மாதிரி இல்லை. பல விமானங்களில் ஓர் இருக்கைக்கு 75 வாட் அளவில் வரம்பு உண்டு. பெரிய லேப்டாப் சார்ஜரைச் செருகினால் பச்சை விளக்கு எரிந்து, நொடியில் அணைந்துவிடும். கெட்டுப்போனதாக நினைத்து மற்ற சாக்கெட்டுகளில் எல்லாம் செருகிப் பார்ப்பார்கள். காலியான பேட்டரி ஒரேயடியாக மின்சாரத்தை இழுப்பதால் வருவது இது. பேட்டரியை முக்கால்வாசி நிரப்பிக்கொண்டு ஏறினால் இழுப்பு குறையும். அல்லது 65 வாட் சார்ஜர் எடுத்துவாருங்கள். பழைய யுஎஸ்பி துளைகள் கைப்பேசிக்கே தள்ளாடும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. கணக்கு: மில்லி ஆம்பியர்-அவரை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர். 20,000 என்றால் 74; வரம்பு 100. 27,000 வரை தாராளமாகச் செல்லும். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 2025 முதல் சில நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டன. எடுத்துச் செல்லலாம், சார்ஜ் போட முடியாது.

ஹெட்போன் துளை இரட்டையாக இருந்தால் உங்கள் ஒற்றை முனை வயரில் ஒரு காதில் மட்டும் கேட்கும். இரட்டை முனை அடாப்டர் சிறு பையில் இருக்கட்டும். வயரில்லாத ஹெட்போனுக்குச் சிறிய ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் எஞ்சினின் தாழ்ந்த உறுமலை நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அடக்காது. அதற்கு நுரைக் காதடைப்பான்தான் சரி.

இறங்கும்போது காது

கேபினுக்குள் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி மலைமேல் இருக்கிற அளவுக்கு இறங்கும். 787, ஏ350 விமானங்களில் சுமார் 6,000 அடி. ஏறும்போது காதுக்குள் உள்ள காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது உள்ளே போக வழி கேட்கும், அப்போதுதான் வலி. இறக்கத்தில் தூங்கினால் விழுங்குவது குறைந்து காது அடைக்கும். தூங்குவதானால், இறக்கம் தொடங்கியதும் எழுப்பிவிடச் சொல்லுங்கள். மிட்டாய் சப்புங்கள், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊதுவதானால் மெதுவாக, ஒவ்வொரு சில நிமிடத்துக்கும். அடைத்த பிறகு பலமாக ஊதுவது காதைக் காயப்படுத்தும். சளி இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன மூக்கடைப்பு ஸ்பிரேயை இறக்கத்துக்கு அரை மணி முன்பு போட்டுக்கொண்டால், அது வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

வசதி கிடைக்காமல் போனால்

இருக்கை சாயவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் இறங்கிய பிறகு எழுதும் மின்னஞ்சலுக்கு அவ்வளவு வலுவில்லை. விமானத்திலேயே தலைமைப் பணியாளரிடம் சொல்லி, கேபின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இருக்கை எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். பதிவேட்டில் இருப்பதை நிறுவனம் மறுப்பது கடினம்.

விமானம் மாறி, பிசினஸ் டிக்கெட்டுக்குச் சாதா இருக்கை தந்தால் கட்டண வித்தியாசம் மட்டும் பெற்றுக்கொண்டு திருப்திப்பட வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்தில் டிக்கெட் விலையில் 30 சதவீதம் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம். மற்ற நாடுகளில் அந்தந்த விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பக்கத்தில் பாருங்கள். கவுண்டரில் வவுச்சர் நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரி இருந்தால் பணம் கேட்கும் வழி அடைபடலாம். வகுப்பு மாறியதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் பணம் கணக்கில் ஏறும் வரை வைத்திருங்கள்.